புகார் எந்த வழியாக ஏறுகிறது? திண்டுக்கல் தையல் ஆலை: ஒரு நிகழ்வு ஆய்வு

மேலதிகாரி தொல்லை கொடுத்தால் என்ன செய்வது என்று கேட்டால் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பாலானவை ஏசி ஆபீஸை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. பேசியதை மெயிலில் எழுதி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள் என்பார்கள். எச்.ஆரிடம் நேரம் கேளுங்கள் என்பார்கள். தையல் லைனில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குக் கம்பெனி மெயில் கிடையாது. அவருடைய மேலாளர் என்பவர் லைன் சூப்பர்வைசர். முதுகுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் நிற்பவர், நாள் முழுக்க அங்கேயே நிற்பவர்.

அதனால்தான் இந்த ஆய்வுக்குத் திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் பக்கத்தில் இருக்கும் ஓர் ஏற்றுமதி ஆலையை எடுத்துக்கொண்டேன். நாச்சி அப்பேரல் என்ற அந்த ஆலை திருப்பூரின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸுக்குச் சொந்தமானது. அங்கே நடந்தது ஒரு கொடுமை. அதற்குப் பிறகு 2022இல் வந்த ஒப்பந்தம் உலக அளவில் பேசப்பட்டது. இரண்டுமே ஒரே கேள்வியைச் சுற்றி வருபவை: மேலாளரைப் பற்றிய புகார், அந்த மேலாளர் நிற்கும் ஏணியிலேயே ஏற வேண்டியிருந்தால் என்ன ஆகும்?

லைன் எப்படி ஓடுகிறது

ஒரு பனியனை ஒரே ஆள் தைப்பதில்லை. கட்டிங்கில் வெட்டிய துணி கட்டுக் கட்டாக லைனுக்கு வரும். ஒருவர் தோளை இணைப்பார், அடுத்தவர் கழுத்துப் பட்டி வைப்பார், அடுத்தவர் கை ஏற்றுவார். ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கர் என்று மெஷின்கள் வரிசையாக நிற்கும். லைன் தொடங்கும் இடத்தில் ஒரு போர்டு. மணிக்கு எத்தனை பீஸ் வர வேண்டும், எத்தனை வந்தது என்று மணிக்கொரு தடவை எழுதுவார்கள். இருபதாவது மெஷினில் கை தாமதித்தால் அங்கே துணி குவியும், இருபத்தொன்றாவது மெஷின் சும்மா நிற்கும். யாரால் தாமதம் என்பதை மறைக்கவே முடியாது.

சூப்பர்வைசரின் அதிகாரம் காகிதத்தில் சின்னதுதான். சம்பளத்தை அவர் நிர்ணயிப்பதில்லை, ஆளை வேலையிலிருந்து தூக்கும் கையெழுத்தும் அவருடையது இல்லை. ஆனால் யாரை எந்த மெஷினில் உட்கார வைப்பது, யாருக்குச் சுலபமான வேலை, யாருக்குக் கண்ணைப் பிடுங்கும் வேலை, இன்று யார் ஒன்றரை ஷிப்ட் பார்க்க வேண்டும், தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு லீவு உண்டா, பாத்ரூம் போனவர் திரும்ப எவ்வளவு நேரம் ஆகலாம் என்பதெல்லாம் அவர் வாயில் இருக்கிறது. தையல்காரரின் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதை முதலாளியைவிட அவர்தான் தீர்மானிக்கிறார்.

அவருக்கு மேலே புரொடக்‌ஷன் மேனேஜர். அவருக்குப் பக்கத்தில் மெர்ச்சண்டைசர், வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசுகிறவர். ஷிப்மென்ட் தேதி தவறினால் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும். அந்தச் செலவு பெரும்பாலும் ஆலையின் தலையில்தான் விழும், சில சமயம் அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் அதிலேயே போய்விடும். அந்தப் பயம் ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் லைனில் சத்தமாக வெளிவருகிறது. சூப்பர்வைசர் இயல்பிலேயே கெட்டவரா நல்லவரா என்று பேசுவதில் பெரிய பயன் இல்லை. நல்ல மனிதரையும் கத்த வைக்கும் இடம் அது. கெட்ட மனிதருக்கோ அந்த இடம் கொடுக்கும் வசதி சொல்லி மாளாது.

சண்டை எப்படித் தொடங்கும் என்பதற்கு ஒரு சின்ன விஷயம். தைக்கும்போது ஊசி உடையும். ஏற்றுமதி ஆலைகளில் உடைந்த ஊசியின் துண்டுகளை எல்லாம் தேடி எடுத்துக் கொடுத்தால்தான் புது ஊசி கிடைக்கும். குழந்தை போடும் உடுப்பில் ஒரு துணுக்கு சிக்கிக்கொண்டால் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். துண்டுகளை ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தேதி, நேரம், மெஷின் எண் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். முனை கிடைக்காவிட்டால் தரையைக் காந்தத்தால் துழாவ வேண்டும், பக்கத்தில் இருக்கிற பீஸ்களையெல்லாம் உதறிப் பார்க்க வேண்டும். விதி நல்ல விதிதான். ஆனால் போர்டில் இருக்கும் மணிக்கணக்கு அதற்காக நிற்பதில்லை.

"அண்ணா, ஊசி ஒடஞ்சிருச்சு."

"ஒடஞ்சுச்சா, ஒடச்சியா?"

இதற்கு என்ன பதில் சொல்ல? தலையைக் குனிந்துகொண்டு தேட வேண்டியதுதான். அதன் பிறகு வரும் வார்த்தைகள் வேலையைப் பற்றியவையாக இருக்காது. வீட்டைப் பற்றி, நடத்தையைப் பற்றி, ஊர்த் தெருவைப் பற்றி வரும். லைனில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதில் பட்டியல் சாதிக் குடும்பங்களிலிருந்து வருபவர்கள் நிறைய. நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கம்பெனி பஸ் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போய் ஆட்களை ஏற்றி வருவதால் யார் எந்தத் தெரு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆலைக்குள் நடக்கும் தகராறு மாலையில் பஸ்ஸில் ஏறி ஊருக்கும் வந்துவிடும்.

2021 ஜனவரி

அந்த ஆலையில் தையல் வேலை செய்துவந்த, இருபது வயதை ஒட்டிய தலித் பெண் ஒருவர் 2021 புத்தாண்டு சமயத்தில் காணாமல் போனார். சில நாட்களில் சடலமாகக் கண்டெடுக்கப்பட்டார். அதே ஆலையின் சூப்பர்வைசர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அந்த ஆள் பல மாதங்களாகத் தொந்தரவு செய்துவந்ததாகக் குடும்பத்தார் சொன்னார்கள். இறந்த பெண் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர். டி.டி.சி.யு. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தச் சங்கம் பெண்கள் தலைமையில் நடப்பது, தலித் பெண்கள் பெரும்பான்மையாக இருப்பது.

கொலை ஒரு தனி மனிதனின் குற்றம், அதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று அதோடு முடித்துவிட்டிருக்கலாம். வழக்கமாக அப்படித்தான் முடியும். இந்த முறை அப்படி முடியவில்லை, ஏனென்றால் மற்ற பெண்களும் தங்களுக்கு நடந்ததைப் பேசத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் ஒர்க்கர் ரைட்ஸ் கன்சோர்டியம் என்ற கண்காணிப்பு அமைப்பு தனியாக விசாரணை நடத்தியது. கேள்வி ஓர் ஆளிடமிருந்து ஆலைக்கு நகர்ந்தது: இத்தனை நாள் இதெல்லாம் யாரிடமாவது சொல்லப்பட்டதா, சொல்லியிருந்தால் எங்கே போயிருக்கும்?

சட்டம் இல்லாமல் இல்லை. ராஜஸ்தானின் பன்வாரி தேவி வழக்கைத் தொடர்ந்து 1997இல் உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான விசாகா நெறிமுறைகளைக் கொடுத்தது. 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. பத்துப் பேர் வேலை செய்யும் இடம் என்றால் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். குழுவே வைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. தையல்காரரின் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு ஓட்டைகள் தெரியும். குழுவின் தலைவரைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம், அவருக்கும் சம்பளம் அதே கம்பெனிதான் கொடுக்கிறது. வெளி உறுப்பினரின் பெயர் நோட்டீஸ் போர்டில் இருக்கும், முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. இது ஒன்று. இன்னொன்று, சட்டம் பார்ப்பது பாலியல் துன்புறுத்தலை மட்டும். "எருமை மாடு" என்று திட்டியது, பாத்ரூம் போக விடாதது, முறைத்ததற்காகக் கஷ்டமான மெஷினுக்கு மாற்றியது எல்லாம் அதில் சிக்குவது கடினம். ஆனால் பெரிய தொந்தரவு பெரும்பாலும் இந்தச் சின்னத் தொந்தரவுகளின் முடிவில்தான் வருகிறது. திட்டினால் கேட்க ஆள் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கை நீளும். என் கணக்கில் இந்த ஆய்வின் மையமே இதுதான். சின்னப் புகாருக்கு வழி இல்லாத இடத்தில் பெரிய புகாருக்கு எத்தனை குழு வைத்தாலும் அது காலியாகவே இருக்கும்.

ஒப்பந்தத்தில் என்ன இருந்தது

ஓராண்டுக்கு மேல் நடந்த பிரச்சாரத்துக்கும் பேச்சுவார்த்தைக்கும் பிறகு 2022 ஏப்ரலில் கையெழுத்தானது. ஈஸ்ட்மேனும் டி.டி.சி.யு.வும் கையெழுத்திட்டன. ஏசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ், குளோபல் லேபர் ஜஸ்டிஸ் என்ற இரண்டு தொழிலாளர் உரிமை அமைப்புகள் சங்கத்தோடு நின்றன. அங்கே துணி வாங்கும் வெளிநாட்டு பிராண்டான எச் அண்ட் எம்மும் கையெழுத்திட்டது. அதே ஆண்டு பின்னாடியே கேப் நிறுவனமும், கால்வின் கிளைன், டாமி ஹில்ஃபிகர் பெயர்களுக்குச் சொந்தமான பி.வி.எச். நிறுவனமும் சேர்ந்தன. நாச்சியோடு அதே குழுமத்தின் நூற்பாலைகளும் இதற்குள் வந்தன. பாலின வன்முறையைத் தடுக்க, பிராண்டுகளைச் சட்டப்படி கட்டும் ஒப்பந்தம் ஆசியாவில் வந்தது இதுதான் முதல் தடவை. இதற்கு முன்னால் 2019இல் ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டு ஜீன்ஸ் ஆலைகளில் இதே மாதிரி ஒன்று வந்தது. அங்கேயும் பிரச்சினை சூப்பர்வைசர்கள்தான்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஓர் எண்: இருபத்தைந்து பேருக்கு ஒருவர். அந்தக் கணக்கில் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது சங்கம். இவர்கள் ஆபீஸ் அறையில் உட்கார்பவர்கள் இல்லை, அதே லைனில் தைப்பவர்கள். ஒரு லைனுக்கு ஒருவராவது இருப்பார் என்று வைத்துக்கொள்ளலாம்.

மேலே சொன்ன ஊசிக் கதையை இப்போது திரும்ப ஓட்டிப் பாருங்கள். சூப்பர்வைசர் கத்துகிறார். திட்டு வாங்கிய பெண் எங்கேயும் போக வேண்டாம், எதுவும் எழுத வேண்டாம். மூன்று மெஷின் தள்ளி உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளர் அதைக் காதால் கேட்டிருப்பார். பேச வேண்டியது அவர் பொறுப்பு. நிர்வாகத்தோடு நடக்கும் கூட்டத்தில், "இந்த லைனில் ஊசி உடைந்தால் ஆகிற நேரத்தை டார்கெட்டில் கழிக்க வேண்டும், இந்த ஆள் இப்படிப் பேசக் கூடாது" என்று இரண்டு விஷயமாகவே அவரால் வைக்க முடியும். தனி ஒருத்தியின் புகாராக அது போவதில்லை, லைனின் விஷயமாகப் போகிறது. யார் காட்டிக்கொடுத்தது என்று பழிவாங்கத் தேடினாலும் ஆள் கிடைப்பது கஷ்டம். பழிவாங்கக் கூடாது என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

அங்கே தீராதது மேலே போகும்போதும் அதே ஏணியில் ஏறுவதில்லை. ஆலைக்கு வெளியே, நிர்வாகத்தின் கையில் இல்லாத சுயேச்சையான மதிப்பீட்டாளர்கள் விசாரித்து முடிவு சொல்ல வழி வைத்தார்கள். ஆலை அதை நிறைவேற்றாவிட்டால் பிராண்டுகள் வியாபாரத்தில் கை வைக்க வேண்டும். தொழிலாளி, கண்காணிப்பாளர், சங்கம், பிராண்டு என்று போகும் இந்தப் பாதையில் சூப்பர்வைசரின் மேலாளர் ஒரு தடவைகூட வாசற்காவலராக நிற்பதில்லை. சாதியை வைத்தும், வெளிமாநிலத்திலிருந்து வந்தவர் என்பதை வைத்தும் நடக்கும் பாகுபாட்டையும் ஒப்பந்தம் சேர்த்துக்கொண்டது. ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் இந்தப் பகுதி ஆலைகளில் இருப்பதை நினைத்தால், அது வெறும் அலங்கார வரி இல்லை.

முதல் ஆண்டு அறிக்கையின்படி 185 குறைகள் வந்தன, 182 தீர்க்கப்பட்டன. அதில் பாலின வன்முறை, தொந்தரவு தொடர்பானவை 23. மீதி 162 என்ன? அன்றாட வேலைக் குறைகள்தான். 2013 சட்டத்தின் குழுவுக்கு முன்னால் அந்த 162இல் ஒன்றுகூடப் போயிருக்காது. அந்தச் சின்னக் குறைகள் போய்ச் சேர ஒரு வழி கிடைத்ததால்தான் அந்த 23உம் வெளியே வந்தன என்று நான் படிக்கிறேன். கையெழுத்திட்டவர்களே கொடுத்த எண்கள் இவை என்பதையும் மறக்க வேண்டாம். ஆனாலும் புகாரே இல்லை என்று பெருமை பேசும் ஆலையைவிட 185 புகார் வந்த ஆலையை நான் நம்புவேன்.

ஒரு வேடிக்கை. ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று நான்கு மாதம் கழித்து, 2022 ஜூலை இறுதியில், அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலையின் சரக்கை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு போட்டது. செப்டம்பரில் அதை விலக்கிக்கொண்டது. நிலைமை சரிசெய்யப்பட்டதற்கு ஆதாரமாக இந்த ஒப்பந்தமும் காட்டப்பட்டது. அங்கேயும் இங்கேயும் சட்டங்கள் இருக்க, வேடசந்தூர்ப் பெண்ணைத் திட்டாமல் இருக்க வாஷிங்டன் வரை போக வேண்டியிருந்தது என்பது நம் தொழிலாளர் துறைக்குப் பெருமை சேர்க்கும் சமாச்சாரம் இல்லை.

எங்கே இடிக்கிறது

இது ஒரு குழுமத்தின் சில ஆலைகளுக்கான ஏற்பாடு. திண்டுக்கல், திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான தையல் கூடங்களுக்கும் நூற்பாலைகளுக்கும் இது பொருந்தாது. உள்ளூர் வியாபாரத்துக்குத் தைப்பவர்களுக்கு அழுத்தம் கொடுக்க எந்த வெளிநாட்டு பிராண்டும் இல்லை. பிராண்டுதான் கடைசி ஆயுதம் என்றால், அந்த பிராண்டு ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டால் ஆயுதமும் கூடவே போய்விடும். சங்கம் வலுவாக இல்லாத இடத்தில் இருபத்தைந்துக்கு ஒருவர் என்று நியமித்தாலும் அந்த ஒருவர் நிர்வாகத்தின் காதாக மாறிப்போகலாம். கண்காணிப்பாளரை யார் தேர்ந்தெடுத்தார்கள், யார் பயிற்சி கொடுத்தார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சரி, இப்படி ஒப்பந்தம் எதுவும் இல்லாத இடத்தில் சூப்பர்வைசரிடம் மாட்டிக்கொண்டவர் என்ன செய்வது? திண்டுக்கல் அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது சில உண்டு. தனியாகப் போகாமல் அதே லைனிலிருந்து மூன்று நான்கு பேராகப் போவது முதல் விஷயம். ஒருவருக்கு நடந்தது என்று சொல்லாமல், லைனில் நடக்கிறது என்று சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம். இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் இருக்கும் குறைதீர்க் குழு வேண்டும் என்று தொழில் தகராறு சட்டத்தின் 2010 திருத்தமே சொன்னது, அதன் இடத்துக்கு வந்த 2020 தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அது உண்டு. பல இடங்களில் அது பேருக்குத்தான் இருக்கும். இருந்தாலும் "அதில் எங்கள் லைனிலிருந்து யார் இருக்கிறார்கள்?" என்று கேட்பது நியாயமான, யாரும் கோபப்பட முடியாத கேள்வி. வீட்டுக்குப் போனதும் தேதி, மணி, என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் நாலு வரி எழுதி வைக்கலாம். மூன்று மாதக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த நோட்டு பெரிதாக உதவும்.

பாலியல் தொந்தரவு என்றால் கம்பெனிக்குள் இருக்கும் குழு மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். பத்துப் பேருக்குக் குறைவான இடமாக இருந்தாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் உண்டு. குற்றம் பெரியது என்றால் இவை எதற்கும் காத்திருக்காமல் போலீஸுக்குப் போகலாம், குழுவில் புகார் கொடுத்திருப்பது அதற்குத் தடை இல்லை.

அந்தப் பக்கத்து ஆள்

கடைசியாக சூப்பர்வைசரைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். இவர்களில் நிறையப் பேர் நேற்றுவரை அதே மெஷினில் தைத்தவர்கள், செக்கிங்கில் நின்றவர்கள். வேகமாகத் தைத்தார் என்பதற்காக மேலே ஏற்றிவிடுவார்கள். ஆட்களை எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. தன்னை முன்பு நிறுத்தி வைத்துக் கத்தியவர் எப்படிக் கத்தினாரோ அதுவே அவருக்குத் தெரிந்த நிர்வாக முறை. திண்டுக்கல் ஒப்பந்தத்தில் தொழிலாளர்களோடு சூப்பர்வைசர்களுக்கும் மேலாளர்களுக்கும் பயிற்சி வைத்தது இந்த வகையில் சரியான வேலை.

ஆனால் அவருடைய குறையை அவர் எங்கே கொண்டுபோவார்? பழைய தொழில் தகராறு சட்டத்தில், மேற்பார்வை வேலையில் இருந்துகொண்டு மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவர் தொழிலாளி என்ற கணக்கிலேயே வரவில்லை. புதிய சட்டத் தொகுப்பில் அந்த வரம்பு 18,000. அதற்கு மேல் சம்பளம் என்றால் குறைதீர்க் குழுவும் அவருக்கு இல்லை, பெரும்பாலும் சங்கமும் இல்லை. முடியாத டார்கெட்டை முடியாது என்று புரொடக்‌ஷன் மேனேஜரிடம் சொல்ல அவருக்கு ஒரு கண்காணிப்பாளர் கிடையாது. ஒரு பீஸுக்கு என்ன விலை, எத்தனை நாளில் சரக்கு வேண்டும் என்பதை முடிவு செய்பவர்கள் பிராண்டின் வாங்கும் பிரிவில் இருக்கிறார்கள். தொந்தரவு கூடாது என்று கையெழுத்துப் போடும் பிரிவு வேறு. இரண்டு பிரிவும் ஒரே மேஜையில் உட்காரும் ஒப்பந்தம் ஒன்று அடுத்து வருமானால், போர்டில் எழுதும் மணிக்கணக்கைப் பற்றியும் அதில் ஒரு பிரிவு வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டியது சங்கங்களின் வேலை.